தெரு மாறிப் போகிறவர்

'ஒருவரை அனுப்பிவிட்டு மற்றவரை அழைக்கவும்' என்று வருமுகப் பெட்டியின் நெற்றியில் சிவப்பெழுத்தில் எழுதியிருந்தது. கஸ்பார் அதைப் படித்தான். அறிவிப்பென்றால் அது மற்றவர்களுக்கு என்று நினைக்கிற ஜாதி அவன். இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினான்.

வீட்டுச் சுவரில் ஒரே நேரத்தில் இரண்டு கஸ்பார்கள் வந்து நின்றார்கள். இருவருக்கும் வயது நாற்பத்தொன்று. ஒருவர் ஆழ்கடல் கல்லூரியில் படித்துவிட்டுக் கடலடிப் பண்ணை நடத்துகிறவர், தாடி, தொந்தி. மற்றவர் விண்தளக் கல்லூரியில் படித்துவிட்டு வானத்தில் சுற்றும் கூடத்தில் வேலை பார்க்கிறவர். ஒல்லி, முழு வழுக்கை.

கல்லூரியின் பெயரைச் சொன்னால் போதும். ரத்தம், மதிப்பெண், தூங்குகிற நேரம், அம்மாவிடம் சொன்ன பொய்கள் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, அந்த வழியில் போனால் நீ என்னவாக ஆவாய் என்பதை வருமுகம் தும்மலோடும் தொண்டைக் கரகரப்போடும் எதிரே நிறுத்திவிடும். தூத்துக்குடியில் இப்போதெல்லாம் அதைக் கேட்காமல் யாரும் கல்லூரியில் சேருவதில்லை.

இருவரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"என்ன வே, முடியெல்லாம் எங்க வச்சிட்டு வந்தீரு?" என்றார் கடல் கஸ்பார்.

"உம்ம தொந்திக்குள்ளதான் தேடணும்," என்றார் வான் கஸ்பார்.

அவ்வளவுதான். முட்டிவலியில் தொடங்கி, எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரிடம் வாங்கிய அடிக்குப் போய், அங்கிருந்து சாளை மீன் குழம்பில் மாங்காய் போடலாமா என்பதற்கு வந்துவிட்டார்கள். பதினேழு வயதுக் கஸ்பார், கலியாணப் பந்தியில் இரண்டு மாமாக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவன்போல உட்கார்ந்திருந்தான். மணி நாலு இருபது. இரண்டு கல்லூரியிலும் அவனுக்குச் சீட்டு கிடைத்திருந்தது, ஐந்துக்குள் ஒன்றை விட்டாக வேண்டும். இதுவரை நாலு தடவை தண்ணீர் குடித்துவிட்டான். செருப்பை இரண்டு தடவை மாட்டிக் கழற்றினான்.

காலையில் தனித்தனியாக அழைத்தபோது இருவரும் நன்றாகத்தான் பேசினார்கள். "நாப்பது நிமிசத்துல வீட்டுக்கு வந்துரலாம், அம்மா குழம்பு சூடு ஆறாது," என்றார் ஒருவர். "பூமிய உள்ளங்கையால மறைக்கலாம்லே," என்றார் மற்றவர். மாடிப்படி ஏறினாலே தலைசுற்றுகிற கஸ்பாருக்கு மனசுக்குள் கடல்தான். ஆனால் அதை வெளியே சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று ஆகிவிடும். அவர்கள் வாயாலேயே வரட்டும் என்றுதான் இருவரையும் திரும்ப அழைத்தான்.

தன்னைத் தானே எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "அண்ணாச்சி," என்றான். "ரெண்டு பேருமே சொல்லுங்க. எது?"

"அவசரப்படாதலே," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். "ஒரு வருசம் யோசியேன். என்ன கெட்டுப்போச்சு?"

அடுக்களையிலிருந்து அம்மா செலஸ்தினாள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சாப்பிட்டாங்களான்னு கேளுய்யா."

"நீயாவது சொல்லும்மா, எது?"

"நான் என்னத்தச் சொல்ல? ரெண்டும் எம்புள்ளதான," என்று உள்ளே போய்விட்டாள்.

கஸ்பார் முதல்முறையாகப் பெட்டியின் விதிகளை முழுதாகப் படித்தான். ஒரு சீட்டை விட்டால் அந்தக் கல்லூரியின் வருமுகம் அழிந்துபோகும். ஐந்து மணிவரை எதையும் விடாவிட்டால், இரண்டு சீட்டும் அவன் பேரிலேயே ஒரு வருடம் பூட்டிக்கிடக்கும். அதுவரை இரண்டு வருமுகங்களும் இருக்கும்.

நிமிர்ந்து பார்த்தான். இருவரும் அவசரமாகச் சாளைக் குழம்புக்குத் திரும்பினார்கள்.

அப்போது வாசலில் ரெஜினா வந்து நின்றாள். அடுத்த தெரு, ஒரே வகுப்பு. ஆழ்கடல் கல்லூரிக் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். ஓடி வந்திருந்தாள்.

"என்னலே பண்ணுத? மணி நாலே முக்கால். எனக்கு வருமுகத்துல ஒண்ணுமே தெரியல." கைபேசியை நீட்டினாள். திரை முழுக்க மூடுபனி. கீழே ஒரு வரி: 'முன்னிருப்பவரின் முடிவுக்காகக் காத்திருக்கிறது.' "அந்த முன்னிருப்பவரு நீதான். அஞ்சு மணிக்கு என் பட்டியலக் கிழிச்சிருவாங்க. கடலா, வானமா, எதையாவது சொல்லித் தொலை."

"நீயே சொல்லு. எனக்கு எது நல்லது?"

"எனக்கென்ன தெரியும்? எனக்கு வேண்டியதக் கேளு, சொல்லுதேன்."

கேட்கத் தேவையிருக்கவில்லை. நாலாம் வகுப்பிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கங்களில் நீர்மூழ்கி வரைகிறவள் அவள்.

சுவரில் ஏதோ அசைந்தது. ரெஜினாவைப் பார்த்த கடல் கஸ்பார், தொந்தியும் தாடியுமாகச் சுவரின் ஓரத்துக்கு நகர்ந்து, பாதி மறைந்து நின்றார். வான் கஸ்பார் அவளைப் பார்த்துச் சாதாரணமாகக் கையசைத்தார்.

"அண்ணாச்சி, ஏன் ஒளியுதீங்க?"

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் கண்ணுல அடிக்கி."

"உங்க பக்கத்துல ரெஜினா என்னவா இருக்கா?"

"பெட்டி உன்னப் பத்தித்தான் சொல்லும். அடுத்தாளப் பத்தி அதுட்ட யாரும் கேக்கறதில்ல."

"நான் கேக்கேன்."

நாலு ஐம்பத்தெட்டு. கஸ்பாரின் விரல் சீட்டை விடுகிற இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே ஈப்போல அலைந்தது. கடல் கஸ்பார் தாடியைச் சொறிந்தார்.

"பேசாதயும் வே," என்றார் வான் கஸ்பார் மெதுவாக. "பேசினா நீரு இருக்க மாட்டீரு. பெறவு நான் யார்ட்டப் போயி முட்டிவலியச் சொல்ல?"

கடல் கஸ்பார் ஓரத்திலிருந்து நகர்ந்து சுவரின் நடுவுக்கு வந்தார்.

"நல்லாத்தாம்லே இருக்கா. தெருவுல எதிர்ப்பட்டா சிரிப்பா. நாந்தான் இருபத்துநாலு வருசமா அவ தெருவுக்குப் போகாம சுத்திப் போறேன். அது அவ சீட்டுலே. முடி போனாலும் பரவால்ல, நீ மேல போ. என்னைய விட்டுரு. அழுத்து."