முழுச் சுமையில் தொண்ணூற்று நான்கு

காலையில் சூட்டைத் தேடும் வெப்பக்கண் டிரோன் எங்கள் தெருவுக்குள் பறந்து வருவதற்குள் இட்லிப் பானையை இறக்கிவிட வேண்டும். சமையல் சூட்டுக்கு ஏழு மணி வரைதான் அனுமதி. அது ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்க்கும். போன மாதம் பக்கத்து வீட்டு ரேடியோ கதகதப்பாக இருக்கிறதென்று பிடுங்கிக்கொண்டு போனார்கள். தூத்துக்குடியில் இதற்கெல்லாம் இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. ஊர் ஐம்பத்திரண்டு டிகிரியில் வெந்த கோடைகளுக்குப் பிறகு வந்த சட்டம் அது. மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சூடாக வீணடிக்கும் எந்தக் கருவிக்கும் அனுமதி கிடையாது.

நான் பெலிசியா. மீனவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் உயிர்க்குறிப் பெட்டியை வடிவமைப்பது என் வேலை. கடலில் விழுந்தால் அது அரை மணிக்கு ஒரு தடவை விழித்து, ஆள் இருக்கும் இடத்தையும் உடல் சூட்டையும் கரைக்கு அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

பேட்டரியின் மின்னழுத்தத்தை அளவாக இறக்கித் தர அதற்குள் ஒரு சீராக்கி வேண்டும். ரெகுலேட்டர் என்றால் எல்லோருக்கும் புரியும். நான் தேர்ந்தெடுத்தது பழைய நேர் சீராக்கி. குறி அனுப்பும் அந்த ஒரு நொடியில் கால்வாசி மின்சாரத்தைச் சூடாக்கிவிடும், உண்மைதான். ஆனால் பெட்டி தூங்கும்போது அது ஏறக்குறைய ஒன்றுமே எடுக்காது. அனுமதிப் பட்டியலில் இருந்ததோ துடிப்புச் சீராக்கி. முழுச் சுமையில், அதாவது முழு மூச்சாக வேலை செய்யும்போது, தொண்ணூற்று நான்கு சதவீதத் திறன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெட்டி தூங்கினாலும் அது தூங்காது. ஆள் இல்லாத வீட்டில் ஓடும் மின்விசிறி மாதிரி பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். நாளுக்கு ஒரு நிமிடம்கூட விழித்திராத கருவிக்கு முழுச் சுமைத் திறன் என்னத்துக்கு? சென்னையில் இருக்கும் அனுமதி அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதிக் கேட்டேன். விதிப்படி முழுச் சுமையில் மட்டுமே அளக்கப்படும் என்று மூன்று முறையும் ஒரே பதில்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது, பெட்டி இல்லாமல் ஒரு படகும் இறங்க முடியாது. துடிப்புச் சீராக்கியையே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் கணவர் ரொமால்டின் படகு கவிழ்ந்தது. இரண்டு நாள் காற்று அடித்த அடியில் தேடல் படகுகள் இறங்கவே இல்லை. புதன்கிழமை காலைதான் போயின. நான் தேடல் நிலையத்தில் அதிகாரி சுடலைமணியின் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்குக் குறி வந்தது. பதினொன்றுக்கு வரவில்லை. பதினொன்றரைக்கும் இல்லை.

"குறி நின்னுட்டும்மா. படகத் திருப்பணும்," என்றார் சுடலைமணி.

"நின்னது பெட்டி சார். ரெகுலேட்டர் பேட்டரிய முழுசாத் தின்னுட்டு. பத்தரைக்கு வந்த சூட்டப் பாருங்க, முப்பத்தஞ்சு. உயிரோட இருக்காவ சார்."

அவர் கெட்டவர் இல்லை. மெதுவாகத் திரையை என் பக்கம் திருப்பினார். பெட்டியின் சான்றிதழ் அதில் இருந்தது.

"ஒம்பது நாளு குறி வரும்னு போட்டிருக்கு. மூணே நாள்ல நின்னா, பெட்டி ஆளோட அடியில போயிட்டுன்னுதானம்மா எடுத்துக்கணும்? ஆளு உயிரோட இல்லன்னா தேடுற படகுக்கு மின்சாரம் தரமாட்டாங்க."

"அது தூங்கும்போது தின்னுறதக் கணக்குல சேக்காத அவங்க சூத்திரத்துல வந்த ஒம்பது. நெசத்துல மூணுதான். நான் கடுதாசியே எழுதியிருக்கேன் சார்."

"அதெல்லாம் சென்னையில எங்க கெடக்கோ. எங்கிட்ட இதுதான் இருக்கு. கீழ கையெழுத்து ஒங்களுது." கையெழுத்தில் விரலை வைத்துக்கொண்டே கேட்டார். "மூணுதான்னு தெரிஞ்சா போட்டீங்க?"

அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கடைசிக் குறி வந்த எடத்துக்கு இன்னும் அஞ்சு மைல்தான் சார். அஞ்சே அஞ்சு மைல்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையை மெல்ல விலக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். மூன்று படகுப் புள்ளிகளும் கரையைப் பார்த்துத் திரும்பின.

பெட்டியை ரொமால்டின் இடுப்பில் நானேதான் கட்டிவிட்டேன். மூன்று நாளுக்கு மேல் இதை நம்பாதீர்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் கையில் கடிகாரம் இருக்கிறது. மூன்று நாள் முடிந்து பதினொன்று தாண்டிவிட்டது அவருக்கும் தெரியும்.