அம்மா அழுத்திய மணி

பள்ளிக்கூடம் விட்டு வந்த வாலு, வாசலிலேயே தயங்கி நின்றாள். மழை மேகம் கட்டியிருந்ததால் சாயங்காலமே கூடம் இருண்டு கிடந்தது.

வாலு என்பது அம்மா வைத்த பெயர். ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் உட்காராத பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அம்மா போன பிறகு அந்தப் பெயருக்கு வேலையில்லை. வைத்த இடத்தில் இருந்தாள்.

அப்பா லிப்ட் மெக்கானிக். நோய் முற்றி அம்மாவுக்குப் பேச்சு நின்றபோது, மாடியறைக் கட்டிலிலிருந்து கூடத்துக்கு ஒயர் இழுத்து மணி மாட்டிக் கொடுத்தார். ஒருமுறை தட்டினால் தண்ணீர். விடாமல் அழுத்தினால், உடனே வா. அதன் பிறகு அம்மா பேசியதெல்லாம் அந்த மணியில்தான்.

கடைசி நாளன்று அப்பா வேலைக்குப் போயிருந்தார். டிவியில் நல்ல படம். மணியோ ஓயவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி அடிக்கும். வாலுவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எட்டி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

படம் முடிந்து மேலே போனபோது அம்மா கண் திறந்தபடி கிடந்தாள். சுவிட்சைப் பிடித்திருந்த விரல்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

வாலு கீழே ஓடிவந்து முதலில் ஒயரை மாட்டினாள். பிறகுதான் அழுதாள்.

"மணியே அடிக்கலப்பா" என்றாள் அப்பாவிடம்.

அவர் அப்படியே நம்பினார். தன் வேலையில்தான் கோளாறு என்று மருகினார். அன்றிலிருந்து தினமும் மணியைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் அவர் பிழைப்பு.

இன்றும் மேசையில் மணியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். தலையை நிமிர்த்தவில்லை.

"என் கையை நம்பி இனிமே யாரும் லிப்ட்ல ஏற வேண்டாம் பாப்பா."

வாலு புத்தகப் பையை இறக்கி வைத்தாள்.

அப்போது மணி அடித்தது.

விடாமல் அடித்தது.

மணியின் கிண்ணம் ஒரு பக்கமும் சுத்தியல் ஒரு பக்கமுமாக மேசையில் அசையாமல் கிடந்தன. அப்பா காதில் எதுவும் விழவில்லை, திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடிப்படியிலிருந்து அம்மாவின் மருந்துத் தைல வாசனை இறங்கி வந்தது.

"நான்தான்ப்பா ஒயரைப் பிடுங்குனேன்."

சொல்லிவிட்டாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். விழுந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அப்பா திருகாணியை மேசையில் வைத்தார்.

"அம்மா கடைசியா என்ன கேட்டா?"

"தெரியலப்பா."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு கையை நீட்டி அவள் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் ஓய்ந்துவிடும் என்றுதான் வாலு நினைத்திருந்தாள்.

மணி ஓயவில்லை.

அன்றைக்குச் செய்யாததை இன்றைக்காவது செய்ய வேண்டும். அப்பாவின் கையை விலக்கிவிட்டுப் படியேறினாள். கதவைத் தள்ளினாள். விரிப்பில்லாத மெத்தை. பக்கத்தில் ஒயரில் தொங்கும் சுவிட்ச்.

"வந்துட்டேன்மா."

சத்தம் சட்டென்று நின்றது. வாலு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். போன உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கீழேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. மிக மெதுவாக.

"பாப்பா... மணி அடிக்குது. நான் இன்னும் மாட்டவே இல்லையே."

வாலுவின் காதில் எதுவும் விழவில்லை. சுவிட்சைப் பார்த்தாள். பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது.

"வந்துட்டேன்மா. இங்கதாம்மா இருக்கேன்."

பொத்தான் எழும்பவில்லை.