கிளட்ச் மிதிக்காத வண்டி

பேட்டரி வயர்கள் இரண்டும் கழற்றித் தரையில் கிடந்தன. ஆனாலும் டிராக்டரின் இடது முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மங்கலாக, மஞ்சளாக.

"கழட்டிப் போட்டு ரெண்டு நாளாச்சுண்ணே," என்றாள் பாண்டிமீனா. "அணையவே மாட்டேங்குது. வாங்குறவுக நாளைக்கு மெக்கானிக்கோட வாராக. அதுக்குள்ள பாத்துக் குடுத்துருங்க."

முத்திருளன் டூல் பையைக் கீழே வைத்தான். பரவை மார்க்கெட் பக்கம் இருபது வருடமாக வண்டி எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவன். விளக்குக்காக அவன் வரவில்லை. தான் போட்ட ஒரு முடிச்சு அந்த மெக்கானிக் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று வந்திருந்தான்.

பழைய வண்டிதான் என்றாலும், கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி அந்த மிதிக்குக் கீழே சின்னதாக ஒரு சுவிட்ச் உண்டு. சித்திரையில் அது கெட்டது. புதுசு வாங்க டவுனுக்கு யார் அலைவது? இரண்டு வயரையும் முறுக்கி, டேப் சுற்றி, சுவிட்ச் இல்லாமலே டைரக்ட் கொடுத்துவிட்டான். கியரில் கிடந்தாலும் இனி ஸ்டார்ட் எடுத்துவிடும், பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாண்டிமீனாவின் புருஷன் உக்கிரபாண்டிக்கு முழங்கால் வலி. ஏறி உட்காராமல், பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே நின்றபடியே ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினான். வண்டி கியரில் கிடந்தது. பின்சக்கரம் அவன்மேல் ஏறிப் போனது.

"குடிச்சுட்டு எடுத்திருக்கான்" என்று அன்று முதலில் சொன்னது முத்திருளனின் வாய்தான். உக்கிரபாண்டியோ டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன். ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. கடைசியில் பெண்டாட்டியும் நம்பினாள். வாசலில் நுழையும்போது பார்த்தான், உக்கிரபாண்டியின் படம் சுவரைப் பார்க்கத் திரும்பியிருந்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தகரக் கொட்டகைக்குள் வைக்கோல் வாடையும் டீசல் வாடையும் வெயிலில் வெந்த தகரத்தின் வாடையும் கலந்து மூச்சை அடைக்க, எங்கோ கூரைக்குள் எலி பிறாண்டும் சத்தம் விட்டு விட்டுக் கேட்க, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த ஓராள் இடுக்கில் அவன் பக்கவாட்டாக நுழைந்து, பெரிய சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றான். உக்கிரபாண்டி நின்ற இடமும் சக்கரத்துக்கு முன்னால்தான். வேறு எங்கே நின்றாலும் கை எட்டாது.

முடிச்சு விரலில் தட்டியது. டேப் சூடாக இருந்தது. உடம்புச் சூடு. பற்களைக் கடித்துக்கொண்டு கட்டிங் பிளேயரால் வெட்டினான்.

விளக்கு அணைந்தது. அப்பாடா என்று இருந்தது.

"அண்ணே." பாண்டிமீனா இன்னும் கொட்டகை வாசலிலேயே நின்றாள். "ஒண்ணு கேக்கவா? நெசமாவே அவுக அன்னிக்குக் குடிச்சிருந்தாகளா?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. கடை நினைப்பு வந்தது, ஊர் வாய் நினைப்பு வந்தது.

"ஆமா தங்கச்சி. நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், கேக்கல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

விளக்கு எரிந்தது. இந்த முறை இரண்டும்.

முத்திருளன் தரையைப் பார்த்தான். பேட்டரி வயர்கள் கழற்றியபடியே கிடந்தன. எலிச் சத்தம் நின்றிருந்தது.

சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கிழிந்த ரெக்சின் மெல்ல அமுங்கியது. ஓர் ஆள் பாரம்.

விலகப் பார்த்தான். பின்னால் சுவர்.

கியர் கம்பி அசைந்தது. கியர் விழுந்தது.

சாவி திரும்பியது.

அவன் கண் கிளட்ச் மிதியின் மேலேயே இருந்தது. மிதிக்காமல் எடுக்காது. இனி எடுக்கவே எடுக்காது. வெட்டிய நுனிகள் இரண்டும் அவன் உள்ளங்கையில்தான் இருந்தன.

மிதி இறங்கவில்லை.

இன்ஜின் எடுத்தது.