புகைபோக்கிக்குள் நாலு வாய்

வருகிற சனிக்கிழமை சிடார் தெருவின் பழைய வீடுகளெல்லாம் ஊராருக்குத் திறந்திருக்கும். நூற்றைம்பது வருடத்து வீடுகளைப் பார்க்க ஜார்ஜியா மாநிலம் முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள். சிறுமி டெல்ஃபின் வீட்டுக்கு இதுதான் முதல் முறை. அப்பா ஹோரஸ் தூண்களுக்கெல்லாம் வெள்ளையடித்து முடித்துவிட்டார். மழை ஒழுகும் புகைபோக்கிக்கு மூடி போடுவது ஒன்றுதான் பாக்கி.

கொத்தனார் ரூஃபஸ் வெளியே ஏணியைச் சாய்த்தார். உள்ளே புகைபோக்கிக்கு அடியில் இருந்த கணப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டெல்ஃபினுக்குக் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. தலையை நீட்டி மேலே பார்த்தாள். செங்கல்லில் ஒட்டியபடி ஒரு குச்சிக்கூடு. அதில் திறந்த நாலு குட்டி வாய்கள்!

வாசலுக்கு ஓடினாள்.

"மிஸ்டர் ரூஃபஸ், ஏறாதீங்க! உள்ள உழவாரக் குருவிக் குஞ்சு இருக்கு!"

தெருக் குழுவின் தலைவி மிஸ் அகஸ்டா அப்போதுதான் தொப்பியும் கைப்பையுமாக வந்து சேர்ந்தார்.

"குருவிங்க வேற எடம் பாத்துக்கும். மூடியைப் போடுங்க."

"குஞ்சுங்களுக்கு இன்னும் றெக்கையே முளைக்கல. எப்படிப் போகும்?"

"மழை ஒழுகுற வீட்டை நான் எப்படிம்மா ஊருக்குக் காட்டுறது? இந்த வருஷம் உங்க வீட்டை விட்டுடலாம்."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் டெல்ஃபின் விடவில்லை.

"ஒரே ஒரு தடவ உள்ள வந்து கேளுங்க, மிஸ் அகஸ்டா. அப்புறம் நீங்க சொல்றபடி செய்றோம்."

மிஸ் அகஸ்டா முனகிக்கொண்டே மண்டியிட்டு, கணப்புக்குள் தலையை நீட்டினார். அந்த நேரம் பார்த்துத் தாய்க்குருவி இறக்கை படபடக்க உள்ளே இறங்கியது. குஞ்சுகள் கத்தித் தீர்த்தன. கொஞ்சம் கரி உதிர்ந்து அவர் மூக்கில் விழுந்தது.

"மிஸ் அகஸ்டா, அது..." என்று அப்பா பதறினார்.

"ஷ்ஷ்! பேசாதீங்க ஹோரஸ். சாப்பிடுதுங்க."

வெகுநேரம் கழித்துத்தான் தலையை வெளியே எடுத்தார். "மழை பெஞ்சா?"

"கீழ வாளி வைக்கிறேன். நானே தெனமும் எடுத்து ஊத்துறேன்" என்றாள் டெல்ஃபின்.

"குஞ்சுங்க பறந்ததும் நான் வந்து மூடி போட்டுடறேன்" என்றார் ரூஃபஸ், ஏணியை மடக்கியபடி.

சனிக்கிழமை வந்த கூட்டம் தூண்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் கணப்புக்கு முன்னால்தான் நின்றார்கள்.

"என் முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம்!" என்று அப்பா சிரித்தார்.

மிஸ் அகஸ்டா கணப்பின் பக்கத்திலேயே காவல் நின்றார். தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் அவரிடம் பணிவாகக் கேட்டார்: "மேடம், இந்த வீட்டை எந்த வருஷம் கட்டினாங்க?"

"அதெல்லாம் அப்புறம்" என்றார் மிஸ் அகஸ்டா. "மொதல்ல குனிங்க!"