தாரில் குழைத்த முடி

காரின் முன் மட்கார்டில் தான் போட்ட ஒட்டு உப்பியிருந்தது. அது துருவின் உப்பல் இல்லை என்று தணிகாசலத்தின் விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. துரு என்றால் அழுத்தினால் நொறுங்கும். இது அமுங்கி, விரலை எடுத்ததும் மெல்ல எழும்பியது. மழையில் நனைந்த நாயும் கெட்டுப்போன நல்லெண்ணெயும் ஒன்றாய்ச் சேர்ந்தது போன்ற வீச்சம் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"ஏமய்யா, இன்னா ஒட்டுப் போட்ட நீ?" என்றார் நாகபூஷணம். புத்தூரில் அரிசி மில் வைத்திருப்பவர். இந்தப் பழைய சீமைக்காரில் பக்தர்களைத் திருப்பதி மலையடியில் அலிபிரிவரை ஏற்றிப்போகிறார். "என் சம்சாரம் மூக்கப் பொத்திக்கினு பாதி வழியிலயே எறங்கிட்டா. செத்த எலிய உள்ள வச்சுத் தச்சுட்டியா?"

"மழை ஈரம்ங்க அய்யா."

"ஈரமாம்! இந்த ஊரு ஆந்திராவுக்கா மதராஸுக்கான்னு அவுங்க சொல்றதுக்குள்ள என் வண்டி மண்ணாப்பூடும். அத்தப் பேத்துப் போட்டுட்டுப் புதுத் தகரம் அடி. நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன்."

தணிகாசலம் சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தான்.

எல்லைக் கலவரத்தில் கடைகள் மூடி, திருப்பதி பஸ்கள் நின்றுபோயிருந்த கோடையில் போட்ட ஒட்டு அது. துருப்பிடித்த ஓட்டையில் தாரோடு சணல் நாரைக் குழைத்துத் திணிப்பது அவன் வழக்கம். தார் இருந்தது, சுவரில் கோஷம் எழுதியவர்கள் பட்டறை வாசலில் விட்டுப்போன அரை டப்பா. சணல்தான் எங்கும் கிடைக்கவில்லை. வீட்டில், சாமி படத்தின் கீழ், மஞ்சள் துணியில் முடிந்த மகளின் முடி இருந்தது. விஷக் காய்ச்சலிலிருந்து அலர்மேல்மங்கை பிழைத்ததற்கான வேண்டுதல். மலைக்குப் போக வழியில்லாமல் வீட்டிலேயே மழித்து, பஸ் ஓடியதும் உண்டியலில் சேர்க்க வைத்திருந்தார்கள். முடிதானே, மறுபடி வளரும், அதை மழித்துக் கொடுத்தால் போயிற்று என்று நினைத்தான். துணிக்குள் வைக்கோலை வைத்து முடிந்துவிட்டான். அவன் மனைவி தாட்சாயணி இன்னமும் தினம் அந்த வைக்கோலுக்குப் பூ வைக்கிறாள்.

பஸ் ஓட ஆரம்பித்து மழைக்காலமும் வந்துவிட்டது. மங்கையின் தலையில் ஒரு முடிகூட முளைக்கவில்லை.

உளியால் தாரைக் கீறினான். பட்டை பட்டையாய் உரிந்தது. ஒவ்வொரு பட்டையின் அடியிலும் சீழ்போல மஞ்சளாய் ஏதோ நூலிழுத்து அறுந்தது. பிறகு முடி சரிந்தது. அவன் திணித்தது ஒரு கைப்பிடி. இது முழங்கை நீளத்துக்கு, கனத்து, எண்ணெய் சொட்டி, அவன் முகத்தின்மேல் குவிந்தது. வாய்க்குள் புகுந்தது. துப்பினான். ஒரு இழை மட்டும் நாக்கின் அடியில் தங்கிவிட்டது.

ஒதுக்கிப் பார்த்தான். முடியில் ஈர் மின்னியது. நடுவில் ஒரு வகிடு. நேராக, வெள்ளையாக. தோல்.

தகரக் கத்திரியை எடுத்தான். ஒரு கற்றையை வெட்டினான்.

"நைனா!"

பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து மங்கையின் குரல்.

"நைனா, என் முடியப் புடிச்சு இழுக்கறாங்க நைனா!"

கத்திரியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

சிம்னி வெளிச்சத்தில் தாட்சாயணி மகளின் மொட்டைத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை செங்காவியாய் இருந்தது.

"ஏங்க, இன்னாங்க இது? தேய்க்கத் தேய்க்கச் செவப்பாவே வருது. முடியே இல்ல, இழுக்கறாங்கன்னு வேற சொல்லுது."

அவன் மகளின் தலையைத் தொட்டான். ஜில்லென்றிருந்தது. சொரசொரப்பு. நகம் பட்ட இடத்தில் ஒரு செதில் உதிர்ந்தது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே விரல் மடித்து மெல்லத் தட்டினான்.

தகரம்.

"இன்னாபா, துன்ன பூட்டியா?" வெளியே நாகபூஷணத்தின் சிரிப்பு. "சுத்தியல் இங்கதான் கெடக்குது. நானே பேத்துடறேன் போ!"

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். நாக்கடியில் தங்கிய இழை தொண்டையில் சுருண்டு இறுகியது. விரல் விட்டு இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. முடிவேயில்லாமல் வந்துகொண்டிருந்தது.

முதல் அடி விழுந்தது.

மங்கையின் உச்சந்தலை உள்வாங்கியது. கிண்ணம் அளவுக்கு ஒரு பள்ளம். இரத்தம் இல்லை. குழந்தை அழவும் இல்லை. தாட்சாயணி எண்ணெய்க் கையால் அந்தப் பள்ளத்தையே தடவிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

வெளியே, சுத்தியலை மறுபடி ஓங்குகிறவரின் மூச்சு கேட்டது.