ராகேலின் மத்தன் கொடி

மார்கழி மாதத்துக் காலை. வயல்களின்மேல் பனி புகைபோல நின்றது. நாகம்மை தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மணி அடிப்பதற்கு வெகு முன்பே பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

தன் பாத்தியைப் பார்க்க அல்ல, ராகேலின் பாத்தியைப் பார்க்க.

நேற்று வேலியடியில் கிடந்த மத்தன் கொடி, அதாவது பரங்கிக் கொடி, ஒரே இரவில் வேலிமேல் ஏறியிருந்தது. ஒவ்வொரு இலையும் சோற்றுத் தட்டு அளவுக்கு இருந்தது. அதன்மேல் பனித்துளிகள் வேறு முத்துமுத்தாக உட்கார்ந்து மினுங்கின.

"ரொம்பத்தான்" என்று நாகம்மை கொடியைப் பார்த்து முணுமுணுத்தாள்.

பிறகு தன் பாத்தியைப் பார்த்தாள். அங்கே வெண்டைச் செடிகள் வரிசையாக நின்றன. வரிசை மட்டும்தான் நன்றாக இருந்தது. செடிகள் முழங்காலுக்கு மேலே வளர மறுத்தன. இலைகள் சுருண்டிருந்தன. பனிக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வருடம் தோட்டப் பாடம். ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்ததும் தாணுலிங்கம் சார் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். விதைகளை ஒரு முறத்தில் பரப்பி, "பிடிச்சதை எடுத்துக்கிடுங்க" என்றார்.

நாகம்மைதான் முதலில் எடுத்தாள். எதிலும் அவள்தான் முதல். கணக்கில் முதல், வாசிப்பதில் முதல். வெண்டை விதையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். செல்வன் தட்டைப்பயறு எடுத்தான். நாகம்மையின் பக்கத்து இருக்கைக்காரி ராகேல் கடைசியாக வந்தாள். முறத்தில் மிஞ்சிக் கிடந்தது மத்தன் விதைதான்.

"எனக்கு இதுவே போதும்" என்று ராகேல் சிரித்துக்கொண்டே எடுத்துப்போய் மண்ணில் ஊன்றினாள். அளந்து பார்க்கவில்லை, கயிறு பிடிக்கவில்லை. அதுதான் இப்படி வளர்ந்து நிற்கிறது.

இது போதாது என்று, சார் வேறு ஒரு செய்தி சொன்னார்.

"தை கடைசியில ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருவாரு. நம்ம தோட்டத்துல எது நல்ல காய்னு அவர்தான் தேர்ந்தெடுப்பாரு. அந்தக் காய் நாகர்கோவில் விவசாயக் கண்காட்சிக்குப் போகும். அதை வளர்த்த பிள்ளையும் எங்கூட பஸ்ஸுல வரலாம்."

நாகம்மை அதுவரை பஸ்ஸில் ஏறியதில்லை. மாட்டுவண்டியில் சுசீந்திரம் தேருக்குப் போனதுதான் அவள் போன பெரிய பயணம். பஸ் சாலையில் புழுதி கிளப்பிப் போகும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பாள். அந்த ஜன்னலில் தன் முகம் தெரிவதாக எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது அந்த ஜன்னலில் ராகேலின் முகம் தெரிந்தது.

அன்றிலிருந்து நாகம்மை ராகேலுடன் சரியாகப் பேசவில்லை. இருக்கையிலும் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, உனக்கு என்ன ஆச்சு?" என்று ராகேல் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. சளி."

கொடியோ நாகம்மையின் மனது தெரியாமல் அவள் பாத்திக்குள்ளேயே தலையை நீட்டியது. அவள் அதைப் பிடித்துத் திருப்பி விட்டாள். மறுநாள் மறுபடியும் வந்தது. கோபத்தில் வெடுக்கென்று திருப்பியபோது கொடியின் பற்றுக்கம்பி ஒன்று ஒடிந்துபோனது.

ராகேல் அதைப் பார்த்துவிட்டு, "ராத்திரி நல்ல காத்து போல" என்றாள். நாகம்மை தன் வெண்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு கொடி பூத்தது. பெரிய பெரிய மஞ்சள் பூக்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

"பூவும் இலையும்தான் இருக்கு. காய் எங்க?" என்று நாகம்மை சொன்னாள்.

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் அதுவே உண்மையாகிவிட்டது. சில பூக்களின் அடியில் நெல்லிக்காய் அளவில் பிஞ்சுகள் இருந்தன. இரண்டொரு நாளில் அவை மஞ்சளாகிச் சுருங்கிக் கீழே விழுந்தன. அடுத்தடுத்து வந்ததும் அப்படியே விழுந்தன.

நாகம்மைக்கு உள்ளுக்குள் இனித்தது. வெண்டையில் எப்படியும் சில காய்கள் வந்துவிடும். செல்வனைப் பற்றிக் கவலையே இல்லை. அவன் பயற்றைப் பிஞ்சிலேயே பறித்துத் தின்றுகொண்டிருந்தான்.

ராகேல் சாரிடம் போய் நின்றாள். சார் ஒரு பிஞ்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் விழுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்ல மாட்டேன். வகுப்பே பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்" என்றார்.

"மண்ணுல சத்து இல்ல சார்" என்றான் ஒருவன். "பூச்சி சார்" என்றாள் ஒருத்தி. "நாகம்மைக்க கண்ணு பட்டிருக்கும் சார்" என்றான் செல்வன். எல்லோரும் சிரித்தார்கள். நாகம்மை மட்டும் சிரிக்கவில்லை.

ஆனால் உண்மையில் அந்தக் கொடியின்மேல் அவளைப்போலக் கண் வைத்தவர்கள் யாரும் இல்லை. பொறாமைப்பட்டுப் பொறாமைப்பட்டு, அதன் ஒவ்வொரு பூவையும் அவள் அறிந்திருந்தாள். சில பூக்கள் மெல்லிய காம்பில் வெறுமனே நின்றன. சில பூக்களின் அடியில் மட்டுமே பிஞ்சு இருந்தது. பூக்கள் விடியும்போது விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொண்டன. அந்த நேரத்தில் பனியும் தூறலுமாக இருந்தது. ஒரு தேனீகூட அந்தப் பக்கம் வரவில்லை. வெயில் வந்து தேனீக்கள் வரும்போது பூக்கள் கதவைச் சாத்தியிருந்தன.

ஒரு பூவின் தூள் இன்னொரு பூவில் சேர்ந்தால்தான் காய் பிடிக்கும் என்று சார் எப்போதோ நடத்திய பாடம் அவளுக்கு நினைவு வந்தது. தேனீ வராவிட்டால் தூளை யார் கொண்டுபோவார்கள்?

விடை தெரிந்துவிட்டது.

வழக்கமாக விடை தெரிந்ததும் நாகம்மையின் கை தானாக மேலே போகும். அன்று அவள் கையை மடியில் வைத்து மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே இருந்தாள். அதற்கடுத்த நாளும்.

அன்று சாயங்காலம் தண்ணீர் விட வந்தபோது, ராகேல் கொடியின் அடித்தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யுத?" என்று நாகம்மை கேட்டாள்.

"பிடுங்கப் போறேன். காய்க்காத கொடி சும்மா கெடந்து உனக்க பாத்தியையும் அடைக்குது. நீ தினமும் திருப்பி விடுகத நான் பார்த்தேன். உனக்க வெண்டையாவது வெளிச்சம் பட்டு வளரட்டும்."

நாகம்மை தன் பாத்திப் பக்கம் திரும்பி, இல்லாத களையைப் பறித்தாள். ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். பஸ், ஜன்னல், நாகர்கோவில் எல்லாம் அவளுக்குத்தான். பின்னால் ராகேல் கொடியை இழுக்கும் சத்தம் கேட்டது. மண் பொலபொலவென்று உதிரத் தொடங்கியது.

"நில்லுட்டி" என்றாள் நாகம்மை.

"ஏன்?"

"நாளைக்கு வெள்ளனே வா. பூ விரியும்போது இங்க நிக்கணும்."

"எதுக்கு?"

"வான்னா வா." சண்டைக்கு அழைப்பதுபோல இருந்தது அவள் குரல். மண்ணைக் காலால் தள்ளி, கொடியின் அடியை அழுத்தி மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் இருவரும் வந்தபோது பனியில் பக்கத்துக் கட்டடமே தெரியவில்லை. ராகேலின் பல் கிடுகிடுவென்று அடித்தது. நாகம்மை பிஞ்சு இல்லாத பூ ஒன்றைப் பறித்தாள். அதன் இதழ்களைக் கிழித்து எறிந்தாள். நடுவில் மஞ்சள் தூள் அப்பிய தண்டு மட்டும் நின்றது. பிஞ்சு உள்ள பூவைத் தேடி, அதனுள்ளே தூளை மெதுவாகத் தடவினாள்.

"இது என்ன, கல்யாணமாட்டி?" என்று ராகேல் கேட்டாள்.

"ஆமா. நீ நாதசுரம் ஊது."

ராகேல் உண்மையாகவே கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள். அடுத்த பூவுக்கு அவள் தூள் தடவினாள், நாகம்மை மேளம் அடித்தாள்.

வேலை முடிந்ததும் ராகேல் கையைத் துடைத்தபடி, "இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"மூணு நாளாத் தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

நாகம்மை கொடியைப் பார்த்துக்கொண்டே, "பொறாமை" என்றாள்.

"எனக்க கொடி மேலயா?"

"பின்ன உனக்க மூக்கு மேலயா?"

"எனக்கும் உண்டு. நீ கணக்கை முடிச்சு சிலேட்டைக் கவுத்து வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். உனக்க சிலேட்டு கீழ விழுந்து உடையாதான்னு இருக்கும்."

நாகம்மை இதை எதிர்பார்க்கவில்லை. "போன மாசம் உடைஞ்சுதே?"

"அது நான் இல்ல. அது செல்வன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் வேலியில் இருந்த காக்கை பறந்துபோனது.

கல்யாணம் ஆன பூக்களில் இரண்டு காய் பிடித்தன. ஒன்று தேங்காய் அளவோடு நின்றுவிட்டது. இன்னொன்று நாகம்மையின் பாத்தியில், வெண்டைச் செடிகளுக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நாளுக்கு நாள் பெருத்தது. நாகம்மை அதற்கு வைக்கோல் மெத்தை போட்டாள். ஆனாலும் பொறாமை முழுசாகப் போகவில்லை. சில நாள் அதைத் தட்டிக்கொடுத்தாள். சில நாள் முறைத்துவிட்டுப் போனாள்.

தை கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து வந்தவர். நாஞ்சில் நாட்டுக்கு அப்போது அதுதான் தலைநகரம். அவர் குடையை ஊன்றிக்கொண்டு பாத்தி பாத்தியாகப் பார்த்தார். மத்தனைக் கண்டதும் நின்றார்.

"பனிக்காலத்தில் இவ்வளவு பெரிய காயா? இதை எப்படி வளர்த்தாய்?" என்று ராகேலிடம் கேட்டார்.

"வளந்தது எனக்க கொடி சார். காய்க்க வச்சது நாகம்மை. அவதான் சொல்லணும்."

நாகம்மை முன்னால் வந்தாள். பனி, மூடிய பூ, வராத தேனீ, தூள் தடவியது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நாதசுரத்தை மட்டும் சொல்லவில்லை. தாணுலிங்கம் சார் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, உன் பாத்தி எது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மத்தனுக்குப் பக்கத்துல சுருண்டு நிக்குதே, அதுதான் சார்" என்றாள் நாகம்மை. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

நாகர்கோவிலுக்குப் போகும் காய் மத்தன்தான் என்று முடிவானது.

போகும் நாளன்று எல்லோரும் சாலையோரம் கூடினார்கள். பஸ் வந்து நின்றது. சார், "ராகேல், மத்தனைத் தூக்கு" என்றார்.

ராகேல் குனிந்தாள், தூக்கினாள், முக்கினாள். மத்தன் அசையவில்லை.

"முடியல சார். ஒரு ஆளுக்குத் தூக்க வராது."

தினமும் குளத்திலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமக்கிறவள் அவள். சார் அவளைப் பார்த்தார். மத்தனைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் கடைசியில் நின்ற நாகம்மையைப் பார்த்தார்.

"அப்ப இன்னொரு ஆள் வேணும் என்ன?"

"ஆமா சார். நாகம்மைன்னா சரியா இருக்கும்."

"சரி, ஓடிப்போய் அம்மைகிட்டச் சொல்லிட்டு வா" என்றார் சார். நாகம்மை போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. கண்டக்டர் பொறுமையோடு காத்திருந்தார்.

ராகேல் ஏறிய வேகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். நாகம்மைக்கு மறுபடியும் சுருக்கென்றது. "வரும்போது ஜன்னல் எனக்கு" என்றாள்.

"வரும்போது எதுக்கு? இப்பவே வா." ராகேல் ஒடுங்கி இடம் விட்டாள். இரண்டு தலைகள் ஒரே ஜன்னலில் முட்டிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தன.

இருவரும் தாங்கள் ஏறும்வரை பிடித்துக்கொள்ளச் சொல்லித் தாணுலிங்கம் சாரிடம் கொடுத்த மத்தன், நாகர்கோவில் வந்து சேரும்வரை அவர் மடியில்தான் இருந்தது.