ஒரு குப்பி தெளிவு, ஒரு குப்பி கலங்கல்

பன்றிக் காய்ச்சல் வந்த அந்த 2009-ஆம் வருஷம், திண்டுக்கல்லில் ஒருவர் தும்மினால் மலைக்கோட்டையே இரண்டடி தள்ளி நிற்கும். அப்படிப்பட்ட நாளில், முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, துப்பறிவாளர் கஸ்பாரின் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார் சேவுகம்பட்டிப் பூ வியாபாரி சோலைமுத்து.

“ஐயா, எம் மகளுக்கு வச்சிருந்த மருந்துல எவனோ விஷத்தக் கலந்துட்டான்!”

கஸ்பார் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். பூகம்பமே வந்தாலும் காபியை ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அப்போது அவரோடு உட்கார்ந்திருந்த நண்பர் மீரான் நேர்மாறு. பூட்டுக்கடை வைத்திருப்பவர், பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தாலும் கள்ளச்சாவி என்பார். மூவரும் மருத்துவமனைக்கு விரைந்தார்கள்.

அங்கே இருபத்திரண்டு வயது சுகன்யா, ஆக்ஸிஜன் முகமூடிக்குள் ஒவ்வொரு மூச்சையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“வைரஸ் ஆரம்பிச்சு வச்சது,” என்றார் டாக்டர் பிரிஸ்கில்லா. “இப்ப நுரையீரலை அழிக்கிறது அவ உடம்போட சொந்தப் படைதான். எதிரியை விரட்டப் போய் வீட்டையே கொளுத்துது. அதை அடக்க ஒரு புரத மருந்து இருக்கு. மூட்டுவாதத்துக்காகச் செஞ்சது, இன்னும் ஆய்வுலதான் இருக்கு. எல்லா அனுமதியும் வாங்கி ரெண்டு குப்பி வரவழைச்சேன்.”

“மூட்டுக்குச் செஞ்சது மூச்சைக் காப்பாத்துமா?” மீரான் பிளந்த வாயில் ஒரு டவுன் பஸ் திரும்பியிருக்கலாம்.

“காப்பாத்தலாம். முழங்காலை வீங்கவைக்கிற அதே கட்டளைதான் நுரையீரலையும் வீங்கவைக்குது.”

மேசைமேல் இரண்டு குப்பிகள். ஒன்று மழைத்தண்ணீர்போல் தெளிவு. மற்றதில் வெந்த முட்டை வெள்ளைபோலத் திரிதிரியாக ஏதோ மிதந்தது.

“ஒண்ணு போதும். கலங்கின இதுல சீல்கூட உடையலை. ஆனா இது ஏன் கெட்டுச்சுன்னு தெரியாம அதை எப்படி நம்பி ஏத்துவேன்? சாயங்காலத்தைத் தாண்டினா...” டாக்டர் முடிக்கவில்லை.

மருந்து இருந்த ஃபிரிட்ஜுக்குப் பூட்டு. சாவி நர்ஸ் கிளாராவிடம். “அட்டைப்பெட்டியோட வாங்கி அப்படியே உள்ள வச்சேன் சார். சாவி என் இடுப்பைவிட்டு இறங்கல,” என்று அழுதாள்.

மீரான் பூட்டை மூன்று கோணத்தில் பார்த்தார். “அண்ணே, இது நம்மூர்ப் பூட்டு. எமனே வந்தாலும் என் கடையில சாவி கேட்டுத்தான் திறக்கணும். கீறல் இல்ல. அப்ப இந்தப் பொண்ணுதான்!”

“செத்த நேரம் சும்மா இருமய்யா,” என்றார் கஸ்பார்.

குப்பிகள் வந்த சிறு அட்டைப்பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தார். தெளிந்த குப்பியின் பெட்டி புத்தம் புதுசு. மற்றது நனைந்து காய்ந்து, அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. டாக்டர் தடுப்பதற்குள் மீரான் அதைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

“உப்புண்ணே!”

“வார்டுல எதையும் நக்காதீங்க!” டாக்டரின் அலறல் பழனிவரை கேட்டிருக்கும்.

கஸ்பார் அசையவில்லை. இரண்டும் வந்த தெர்மாகோல் பெட்டிக்குள் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். “இது?”

“உறைஞ்சா நிறம் மாறுற சீட்டு. மாறலை. அதனால வழியில ஒண்ணும் ஆகலை.”

“உறைஞ்சா புரதம் கெடுமா?”

“இப்படித்தான் திரிதிரியா ஆகும்.”

கஸ்பார் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

“குப்பி உறைஞ்சிருக்கு. சீட்டு உறையலை. ரெண்டும் ஒரே பெட்டியில வந்திருந்தா இது நடக்காது. ஆக, இந்தக் குப்பி மட்டும் தனியா வந்திருக்கு. வெறும் ஐஸ் குளிர வைக்கும். உப்புப் போட்ட ஐஸ் உறையவே வச்சிடும். சோலைமுத்து, மதுரை ஏர்போர்ட்டுல மருந்தை வாங்கினது நீங்கதானே?”

சோலைமுத்து எழுந்து நின்றார்.

“நாந்தான்யா. பூச் சரக்க ஒரே வண்டியில ஏத்த மாட்டோம். வண்டி நின்னுட்டா அம்புட்டும் வாடிரும். அதான் ஒண்ணப் பெட்டியோட எங்க அண்ணன் மகன் பிரபு வேன்ல ஏத்தி அனுப்பிட்டு, மத்தத நான் பூப்பெட்டியில வச்சு பஸ்ல கொண்டாந்தேன். பூவுக்கு வெறும் ஐஸ் போதும். இது எம் புள்ள உசுராச்சே, இன்னும் சில்லுன்னு இருக்கட்டுமேன்னு குல்பிக்காரன் மாதிரி உப்ப அள்ளிப் போட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல மறுபடி ஒண்ணா வச்சுக் குடுத்தேன். நானேவாய்யா கெடுத்தேன்?”

“ஒண்ணைத்தான். அடுத்ததைப் பிரிச்சு அனுப்பிக் காப்பாத்தினதும் நீங்கதான்.”

பிரபுவுக்கு டாக்டர் போன் போட்டார். பெட்டியை வழியில் திறக்கவே இல்லை என்றான் அவன். மீரான் கிளாராவிடம் எழுபது தடவை மன்னிப்புக் கேட்டார். அறுபத்தொன்பதாவதில் அவள் சிரித்துவிட்டாள்.

மாலையில் தெளிந்த குப்பி சொட்டுச் சொட்டாக இறங்கியது. கண்ணுக்கே தெரியாத புரத இழைகள், தாழம்பூ மடலைவிட நுட்பமாக மடிந்தவை, முழங்காலுக்கென்று பிறந்தவை, நுரையீரலில் எரியும் நெருப்பை அணைக்கப் புறப்பட்டன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சோலைமுத்து ஒவ்வொரு சொட்டாக எண்ணினார். மீரான் கூடவே எண்ணி, இரண்டு சொட்டு முந்திப் போனார்!

மூன்றாம் நாள் காலை ஆக்ஸிஜனைக் குறைத்தார்கள். சுகன்யா கண்ணைத் திறந்தாள். கட்டிலைச் சுற்றி, கண் மட்டும் தெரிய முகத்தை மூடியபடி அப்பா, கஸ்பார், மீரான்.

“ஏப்பா,” என்றாள் மெல்ல, “எங்க கொள்ளையடிக்கக் கிளம்பிட்டீக மூணு பேரும்?”